மழைக்கு நாலு மாதம், வெயிலுக்கு எட்டு மாதம்

விருதுநகர் மாவட்டத்துக்குச் சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருகிறார்கள்: விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. மூன்றும் சாப்பிட வேண்டியவைதான். பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் மாதத்துக்கு இடம் இல்லை. ஆடியில் வந்தாலும் மார்கழியில் வந்தாலும் அதே மூன்றைத்தான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இந்த மாவட்டத்தின் சாப்பாட்டை அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடையின் பெயரை அல்ல, காலண்டரை. இங்கே மழைக்கு நாலு மாதம், வெயிலுக்கு எட்டு மாதம். ஐப்பசியிலிருந்து தை வரை நிலத்திலிருந்து நேராக வருவதைப் பச்சையாகச் சாப்பிட வேண்டும். மாசி முதல் புரட்டாசி வரை வெயில் காயவைத்துக் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். பின்னது முன்னதற்கு மாற்று அல்ல, அதுவும் ஒரு பருவத்தின் உணவே. இந்த அத்தியாயம் இந்த ஒரு விஷயத்தைத்தான் விளக்குகிறது.

கணக்கு நிலத்திலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் மாவட்டம் இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. பெய்த மழையைப் பிடித்து வைப்பது இரண்டு: கம்மாய், கரிசல் மண். கரிசல் ஒரு முறை நன்றாக நனைந்துவிட்டால் ஈரத்தை வாரக்கணக்கில் விடாது. அந்த ஈரத்தை நம்பித்தான் கம்பும் சோளமும் பயறும் மிளகாயும் மல்லியும் மானாவாரியாக விளைகின்றன. மழை விட்டதும் வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிவகாசியில் 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கி, பின்னர் அது பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்ததற்கு இந்த வறண்ட வெயில் முக்கியமான காரணம். மருந்து செலுத்திய வெடியும் குச்சியில் தோய்த்த மருந்தும் ஈரக்காற்றில் காயாது. மிளகாயும் கொத்தவரையும் அப்படித்தான். ஆலையின் காயவைக்கும் களத்துக்கும் வீட்டு மொட்டைமாடியில் விரித்த வத்தல் பாய்க்கும் முதலாளி ஒருவரே.

பருவம் பார்த்துச் சாப்பிடுவது என்றதும் படித்தவர்களுக்கு ஜப்பான் நினைவுக்கு வரும். ஆண்டை 24 பருவக் கூறுகளாகவும் அவற்றை மேலும் 72 சிறு பொழுதுகளாகவும் பிரித்து வைத்திருக்கும் நாடு அது. வாஷோக்கு எனப்படும் அவர்களுடைய மரபு உணவை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. ஒரே சூரை மீனைக்கூட இரண்டு தனி உணவாகப் பார்ப்பார்கள்: கோடையின் தொடக்கத்தில் வடக்கே நீந்திப் போகும்போது கொழுப்புக் குறைந்த முதல் மீன், இலையுதிர் காலத்தில் திரும்பி வரும்போது கொழுத்த மீன். ஜனவரி 7-ஆம் தேதி ஏழு வகை இளங்கீரைகளைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். இதையெல்லாம் வியக்கிறவர்கள் அந்த உணவு மரபின் இன்னொரு பாதியைக் கவனிப்பதில்லை. ஜூன் மழையில் பழுக்கும் உமே என்ற புளிப்புக் கனியை உப்பில் போட்டு வைத்திருந்து, கோடை உச்சத்தில் மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஆண்டு முழுவதும் சோற்றோடு தொட்டுக்கொள்கிறார்கள். முள்ளங்கியைச் சீவிக் காயவைக்கிறார்கள். பெர்சிமன் பழத்தைத் தோல் சீவிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எந்த நாளில் காயவைப்பது என்பதும் அங்கே பருவக் கணக்கில் சேர்ந்ததுதான். உமேயை ஜப்பானின் பருவ உணவு என்று ஒப்புக்கொள்கிற நாம், மோரில் ஊறிக் காய்ந்த மிதுக்க வத்தலை மட்டும் காய்கறி கிடைக்காத காலத்துச் சமாளிப்பு என்று ஒதுக்குவதில் நியாயம் இல்லை.

முதலில் மழைப் பாதி. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் இந்த மாவட்டத்துக்கு வந்தால் நீங்கள் தேட வேண்டியது அதலைக்காய். பாகற்காயின் உறவு, ஆனால் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். முதுகில் வரிவரியாகப் புடைப்பு, இரண்டு முனையும் கூர், கரும்பச்சை நிறம். இதை யாரும் விதைப்பதில்லை. கிழங்கு கரிசலுக்கு அடியில் கோடை முழுவதும் கிடந்து, மழை விழுந்ததும் கொடி விட்டுப் புஞ்சையின் ஊடே படரும். பெண்கள் களைக்கும் பருத்திக்கும் போகிற வழியில் பறித்து மடியில் கட்டி வந்து சந்தையில் கூறு வைப்பார்கள். வாங்கினால் அன்றைக்கே சமைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் வைத்தால் காய் வெடித்து விதை வெளியே வந்துவிடும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, நறுக்காமல் முழுக் காயாகவே நல்லெண்ணெயில் போடுவது முறை. சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ந்து வதங்க, காய் சுருங்கி ஓரம் லேசாகக் கருகும்போது வத்தல் பொடியும் உப்பும் தூவி, இறக்குமுன் வறுத்துப் பொடித்த நிலக்கடலையைப் போட்டுப் புரட்டுவார்கள். கசப்பு முதல் கடியில் தெரியும், கடலை அதைத் தாங்கிக்கொள்ளும். புளிக்குழம்பிலும் போடலாம், ஆனால் முதல் முறை சாப்பிடுகிறவருக்கு வதக்கல்தான் சரி. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லி விற்பார்கள். ருசிக்காக வாங்குங்கள், மருத்துவர் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

மார்கழியும் தையும் இந்தப் பாதியின் உச்சம். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்தில் குதிரைவாலி அறுப்பாகிக் களத்துக்கு வரும். புரட்டாசியில் விதைத்து மூன்று மாதத்தில் வீடு வந்து சேருகிற தானியம் இது. புது அரிசியைப் பொங்கலாக்கினால் பச்சரிசியைவிடச் சீக்கிரம் குழையும். ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில் நிறுத்திக்கொண்டால் உதிரியான சோறாகவும் வடிக்கலாம். மொச்சையும் பாசிப்பயறும் பச்சையாக உரிக்கக் கிடைப்பது அப்போதுதான். பனங்கிழங்கைக் கட்டுக்கட்டாகப் பொங்கல் சந்தையில் அடுக்கியிருப்பார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுவில் இருக்கும் குருத்தை நீக்கி, நாரை உரித்துத் தின்ன வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் படைப்பார்கள்: அரிசியைப் பாலிலேயே வேகவைத்து, வெல்லமும் நெய்யும் தாராளமாகச் சேர்த்தது. ஒரு நாளுக்கு ஓர் உணவு என்ற பழக்கத்துக்கு ஜப்பானியரின் ஏழு கீரைக் கஞ்சி சான்று என்றால், அதே ஜனவரி மாதத்தில் ஆண்டாள் ஊரில் நடக்கும் இதுவும் சான்று. அந்த ஊருக்குப் போவதாக இருந்தால் பால்கோவாவுக்காக எந்த மாதமும் போகலாம்; அக்காரவடிசிலுக்கு அந்த ஒரு நாள்தான்.

இப்போது எல்லாக் காய்கறியும் எல்லா நாளும் கிடைக்கிறதே, பிறகு எதற்கு மாதக் கணக்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து இரவில் கிளம்பும் லாரி விடிவதற்குள் முட்டைக்கோசையும் கேரட்டையும் இங்கே இறக்கிவிடுகிறது. எந்த மெஸ்ஸிலும் பொரியல் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த லாரியில் எவை ஏறுகின்றன என்று பாருங்கள். இரண்டு நாள் மூட்டையில் கிடந்தாலும் கெடாத காய்கள் மட்டுமே ஏறுகின்றன. அதலைக்காய் லாரியில் ஏறாது, பதநீர் ஏறாது, சாத்தூர்ப் பக்கத்து வெள்ளரிப் பிஞ்சு ஏறினாலும் வாடிவிடும். எல்லாம் கிடைக்கிறது என்று நாம் சொல்லும்போது, தூரப் பயணத்தைத் தாங்குகிற இருபது முப்பது காய்களைத்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளியூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, உங்கள் ஊரில் கிடைக்கும் அதே கேரட்டைச் சாப்பிட்டுப் போக வேண்டியதில்லை.

மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. தையிலிருந்து பறிக்கும் மிளகாய்ப் பழம் களங்களிலும் கம்மாய்க் கரைகளிலும் சிவப்புப் படுகையாகக் காய்ந்து, மாசி, பங்குனியில் விருதுநகர் மொத்தச் சந்தைக்கு மூட்டைகளாக வந்து சேரும். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலைக்கு விருதுநகர் நிலவரத்தைப் பார்ப்பது தென்மாவட்ட வியாபாரிகளின் நெடுநாள் வழக்கம். ஆண்டுச் செலவுக்கு வத்தல் வாங்குவதற்கு இதுதான் காலம். நீளமான சம்பா வத்தல் பொடிக்கும் குழம்புக்கும். உருண்டையான முண்டு வத்தல் தாளிப்புக்கும் துவையலுக்கும். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முண்டை எடுத்துக் காதருகில் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். கலகலக்காவிட்டால் ஈரம் இருக்கிறது, ஆடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காம்பு உதிராமல் இருக்க வேண்டும். வெளுத்த திட்டு விழுந்ததைச் சோடை என்பார்கள். அது விலை குறைவு, காரமும் மணமும் அதைவிடக் குறைவு. தேய்த்தால் விரலில் சாயம் ஒட்டும் வத்தலை வாங்கவே வேண்டாம். வாங்கியதும் வீட்டில் மேலும் இரண்டு நாள் வெயிலில் போட்டு, ஆறியபின் டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். சாத்தூர்ச் சேவின் காரமும் எண்ணெய் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவின் நிறமும் இந்தக் களங்களில் தொடங்குகின்றன.

காய் வத்தல்களும் இந்தப் பருவத்தவையே. கொத்தவரையை இங்கே சீனியவரை என்பார்கள். அரை வேக்காடாக அவித்து உப்பிட்டுக் காயவைப்பது. மிதுக்கங்காயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலில் போட்டு, மாலையில் திரும்ப அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் காய்க்குள் இறங்கித் தீரும்வரை செய்ய வேண்டும். இந்த வேலைக்கு மேகம் இல்லாத நாட்கள் அடுத்தடுத்துக் கிடைக்க வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் வீண். ஆகவேதான் மழைக்காலத்துக்கு அதலைக்காய் எப்படியோ அப்படியே வெயில் காலத்துக்கு மிதுக்க வத்தல். இதைச் சாப்பிட வேண்டிய இடம் கம்மங்கூழின் பக்கம். கம்பை இடித்துப் புடைத்துக் காய்ச்சி, உருண்டை பிடித்து நீரில் போட்டு வைத்து, மறுநாள் புளித்த பிறகு மோர் ஊற்றிக் கரைப்பார்கள். பழைய வீடுகளில் அதற்கென்று அடிப்பகுதி குறுகி வாய் அகன்ற வெண்கலக் கும்பா உண்டு. கும்பாவை இடது கையில் ஏந்தி, கூழை ஒரு மடக்குக் குடித்து, வலது கையால் சின்ன வெங்காயத்தையோ பொரித்த வத்தலையோ ஒரு கடி கடித்துக்கொள்வது முறை. கூழ் ஒன்று, துணை மூன்று: வெங்காயம், மோர் மிளகாய், வத்தல். ஜப்பானியர் சாதம், ஒரு சூப், மூன்று துணை என்று அடுக்குவதற்கு எந்த வகையிலும் குறையாத ஒழுங்கு இது. நடுவில் இருப்பது குளிர்ச்சி, சுற்றிலும் உப்பும் உறைப்பும் மொறுமொறுப்பும்.

இந்த எட்டு மாதத்தில் பச்சையாகக் கிடைப்பவையும் உண்டு, பெரும்பாலும் மரத்திலிருந்து. பனைதான் முதலில்: மாசியிலிருந்து பதநீர், சித்திரை வைகாசியில் நுங்கு, ஆடி ஆவணியில் பனம்பழம். பதநீரை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் காக்கிறது. நண்பகலில் சாலையோரம் விற்பதை வாங்கினால் ருசியும் போயிருக்கும், கலப்பும் இருக்கலாம். கோடையில் ராஜபாளையத்து மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை மாம்பழம் வரும். கம்மாய்கள் வற்றும் பங்குனி, சித்திரையில் விராலும் கெளுத்தியும் குறவையும் பிடிபடும். சேற்று வாடை போக உப்பும் சாம்பலும் போட்டுக் கல்லில் உரசிக் கழுவியிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். மழை பொய்த்த ஆண்டில் மீனும் இல்லை.

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கூழும் வத்தலும் கரிசல் மக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தவை அல்ல, வறுமை திணித்தவை. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கண்ட தலைமுறையின் கஷ்டத்தைப் பண்பாடு என்று கொண்டாடுவது சரியா என்று இந்த மண்ணில் பிறந்தவர்களே கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அரிசி கிடைத்ததும் கம்பங்கொல்லையை விட்டவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் இதே கதை ஜப்பானிலும் நடந்தது. அங்கே வடபகுதிக் குளிர் நிலங்களின் ஏழை உழவர்கள் உண்டது ஹியே என்ற தானியம். அது நம் குதிரைவாலியின் உடன்பிறப்பு, ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. வெள்ளை அரிசி நகரத்தாரின் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு எடோ நகரம் கொடுத்த விலை பெரிபெரி. தீட்டிய அரிசியையே உண்டவர்களுக்குக் கால் வீங்கித் தளர்ந்தது, கிராமத்துக்குத் திரும்பியதும் குணமானது. எடோ நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அரிசி எங்கும் பரவி ஹியே புஞ்சைகள் மறைந்தன; இன்று அதே ஹியே ஆரோக்கிய உணவாக விலை ஏறி விற்கிறது. ஓர் உணவு வறுமையில் பிறந்தது என்பதால் அதில் உள்ள அறிவு பொய்யாகிவிடாது. ஈரம் எத்தனை நாள் நிற்கும், எந்த விதை அதற்குள் விளையும், எந்தக் காயை எப்படிக் காயவைத்தால் அடுத்த மழைவரை நிற்கும் என்று கண்டுபிடித்தவர்கள் அந்த ஏழைகள்தான். வறுமை ஒழியட்டும், அந்த அறிவையும் சேர்த்து ஒழிக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் உள்ள சிக்கல், இவற்றில் பலதும் ஓட்டல் இலையில் வராது என்பது. ஆகவே போகும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் உழவர் சந்தைக்கும் ஊர்ப் பஜாரின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடமும் போங்கள். கோடையில் சாலையோரக் கூழ் வண்டிகள் போதும். பானை மூடியிருக்கிறதா, மோர் அன்றையதா என்று மட்டும் பாருங்கள். தங்கும் இடத்தில் சமைத்துத் தர ஆள் இருந்தால் காயை வாங்கிக் கொடுத்து முன்கூட்டியே சொல்லுங்கள். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவிலின் பங்குனிப் பொங்கலும், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளியும் கூட்டத்தோடு சாப்பாட்டையும் பார்க்க ஏற்றவை. இருக்கன்குடியில் குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஆவணி, புரட்டாசியில் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பச்சையாக அதிகம் கிடைக்காது. ஆடிப்பெருக்கில் பூஜை போட்டுத் தொடங்கிய பட்டாசு விற்பனை சூடு பிடித்துச் சிவகாசி பரபரப்பாக இருக்கும் காலம் அது. அப்போதுதான் உங்கள் பழைய பட்டியலை எடுங்கள். அந்தி சாய்ந்ததும் விருதுநகரில் பள்ளமான கல்லில் எண்ணெய் நுரைக்க, பரோட்டா முறுகிப் பொன்னிறமாவதைப் பார்த்துச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். சால்னாவை மேலே ஊற்றிவிடாமல் பக்கத்தில் வாங்கிக்கொண்டால் மொறுமொறுப்புக் கெடாது.

ஒரு வேண்டுகோள். கம்பும் குதிரைவாலியும் விளைந்த புஞ்சைகளில் இன்று மக்காச்சோளம் பரவிக் கிடக்கிறது. கோழித் தீவனத்துக்கு உடனே விலை போவதால் உழவர்கள் அதற்கு மாறியதில் தவறு இல்லை. ஆழ உழுது களைக்கொல்லி தெளிக்கும் புஞ்சையில் அதலைக்காய்க் கிழங்கு தங்குவது கடினம். இந்தப் பண்டங்கள் நிலைப்பதும் போவதும் அவற்றை வாங்குகிறவர்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. மிதுக்க வத்தலோ குதிரைவாலியோ வாங்குவதாக இருந்தால், பளபளப்பான பொட்டலத்தில் வாங்குவதற்குப் பதிலாக அவற்றை விளைவித்த, காயவைத்த வீடுகளில் படிக்கணக்கில் வாங்குங்கள். அதலைக்காய்க் கூறு வைத்திருக்கும் அம்மாவிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.